புது கம்ப்யூட்டர், பழைய எக்ஸ்பி

தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் இன்னும் எக்ஸ்பியை விடாத டி.டி.பி. கடைக்காரர் யாராவது கண்ணில் பட்டால் சிரிக்காதீர்கள். புதுசாக கம்ப்யூட்டர் வாங்கி, "இதிலும் எக்ஸ்பி போட்டுக் கொடுப்பா" என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

காரணம், தமிழ் எழுத்து. யூனிகோடு பரவுவதற்கு முன்பு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்துத்தான் ஃபான்ட் செய்தார்கள். அதிலும் கம்பெனிக்கு ஒரு வரிசை! அந்த ஃபான்ட் இல்லாமல் ஃபைலைத் திறந்தால் கல்யாணப் பத்திரிகை முழுக்கக் கிறுக்கலாகத் தெரியும். இருபது வருஷ வேலையெல்லாம் பேஜ்மேக்கரில் கிடக்கிறது. அதன் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001இல், எக்ஸ்பி வந்த அதே வருஷம்.

ஆனால் புது மெஷின் ஒத்துழைக்க வேண்டுமே? 2007இல் விஸ்டா வந்த காலத்திலேயே, புது லேப்டாப்பில் எக்ஸ்பி சிடியைப் போட்டால் "ஹார்டு டிஸ்க்கே இல்லை" என்று சாதிக்கும். சாட்டா டிரைவர் அதில் இல்லாததுதான் காரணம். பயாஸில் ஏ.ஹெச்.சி.ஐ.யை ஐ.டி.இ. என்று மாற்றினால் வழிக்கு வரும். இன்றைய பல கம்ப்யூட்டர்களில் பழைய பயாஸ் முறையே கிடையாது. யூ.ஈ.எஃப்.ஐ. மட்டும்தான்.

எப்படியோ போட்டுவிட்டாலும் ஆபத்து போகாது. 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு நின்றுபோனது. கடைக்கு வருகிறவர்களோ ஊர்ப்பட்ட பென் டிரைவையும் ஆதார் நகலையும் கொண்டு வருகிறார்கள். கடைக்காரரின் வசதிக்கு அவர்கள் விலை கொடுக்கக் கூடாது.

அப்போ என்னதான் வழி? புது கம்ப்யூட்டரில் புது ஓ.எஸ். இருக்கட்டும். அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸில், நெட் இணைப்பு இல்லாமல் எக்ஸ்பி ஓடட்டும். பழைய ஃபைல் திறக்க அது போதும். ஆனால் இதுவும் தற்காலிகம்தான். தமிழக அரசே 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டாகிவிட்டது. பழைய எழுத்துகளை மாற்ற என்.ஹெச்.எம். கன்வர்ட்டர் மாதிரி இலவச மென்பொருள்கள் வந்தும் பல வருஷம் ஆகிறது.

கல்யாணப் பத்திரிகை போனால் போகட்டும். ஊர்க் கோயில் தல வரலாறு, சிற்றிதழ், யாரோ சொந்தக் காசில் போட்ட கவிதைப் புத்தகம்... இதற்கெல்லாம் அந்த ஃபைலைத் தவிர வேறு பிரதி இருக்குமா? கம்ப்யூட்டர் படிக்கிற பசங்க நாலு பேர் சேர்ந்து, பக்கத்துத் தெருக் கடைக்காரருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் பாதி ஃபைல்களையாவது கரையேற்றலாம். அவருடைய ஹார்டு டிஸ்க் புட்டுக்கொள்வதற்கு முன்னால் செய்யுங்கள்!