அளக்கிற கோலையும் அளக்கணும்

தோழர்களே,

கிளினிக்கல் சைக்காலஜி படிக்கும் மாணவத் தோழர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: "மனசு ஒடிஞ்சு வர்றவங்களுக்குச் சிகிச்சை பண்ணத்தானே இந்தப் படிப்பு? இதுல புள்ளியியல் எதுக்கு, ஆய்வேடு எதுக்கு?" நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் இந்தச் சண்டை பல பத்தாண்டுகளாக நடக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் மனம் சிதைந்து திரும்பிய சிப்பாய்களைக் கவனிக்க அங்கே போதுமான ஆள் இல்லை. இந்த நெருக்கடியில், 1949இல் கொலராடோ மாநிலத்துப் போல்டரில் கூடிப் பேசினார்கள். மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம் வாங்குகிறவர் ஆய்வும் கற்கணும், சிகிச்சையும் கற்கணும் என்று முடிவெடுத்தார்கள். சிகிச்சை செய்பவருக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம் என்ற குரலும் எழுந்தது. 1968இல் இல்லினாய் பல்கலைக்கழகம் சிகிச்சைக்கு முதலிடம் தரும் 'சை.டி.' பட்டத்தைத் தொடங்கியது. 1973இல் வெய்ல் மாநாடு அந்த வழியையும் அங்கீகரித்தது. இன்று இரண்டும் இருக்கின்றன.

ஒடுக்கப்பட்ட வீட்டிலிருந்து வருகிற பிள்ளை ஆய்வுப் பயிற்சியை விட்டுவிடக் கூடாது என்பது என் கட்சி. காரணம் சொல்கிறேன்.

போல்டரில் கூடிய அதே 1949இல் டேவிட் வெக்ஸ்லர் குழந்தைகளுக்கான அறிவுத்திறன் சோதனையை வெளியிட்டார். 2,200 குழந்தைகளைச் சோதித்துச் 'சராசரி' வகுத்திருந்தார்கள். அத்தனை பேரும் வெள்ளைக் குழந்தைகள்! இப்படிப்பட்ட கோல்களை வைத்துத்தான் கருப்பினக் குழந்தைகளை அளந்தார்கள். எழுபதுகளில் கலிபோர்னியாவின் பள்ளிப் பிள்ளைகளில் கருப்பினத்தவர் சுமார் 10 சதவீதம். 'மந்தபுத்தி' என்று ஒதுக்கிய வகுப்புகளிலோ சுமார் 25 சதவீதம்.

சோதனை வைத்து மார்க் கூட்ட மட்டும் பழகியவர் இதைப் பார்த்து என்ன செய்வார்? அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடுவார். "யாரை வச்சுச் சராசரி எடுத்தே?" என்று கேட்க ஆய்வு தெரிந்திருக்கணும். 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் சங்கம் அமைத்த கருப்பின உளவியலாளர்கள் அப்படிக் கேட்டார்கள். ஒதுக்கப்பட்ட குழந்தைகளை அவர்கள் மறுபடியும் சோதித்தார்கள். குழந்தைகளோடு பழகி, அவர்களுக்குப் புரிகிற பேச்சில் கேட்டார்கள். மதிப்பெண் ஏறிவிட்டது. 1971இல் தொடுத்த லாரி பி. வழக்கில் இது சாட்சியமானது. அந்த வகுப்புகளில் கருப்பினக் குழந்தைகளைத் தள்ள அறிவுத்திறன் சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று 1979இல் நீதிபதி பெக்கம் தீர்ப்பளித்தார்.

"அந்தக் கோலைச் செஞ்சவங்களும் ஆராய்ச்சி படிச்சவங்கதானே?" என்று கேட்பீர்கள். ஆமாம். அமெரிக்க உளவியல் சங்கமே தன் துறை இனவெறிக்குத் துணைபோனதற்கு 2021இல்தான் மன்னிப்புக் கேட்டது. ஆய்வு தானாக நியாயம் பேசாது. யார் கேள்வி கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. அதனால்தான் அந்த இடத்தை நாம் காலியாக விடக் கூடாது.

இது தூர தேசத்துக் கதை இல்லை. வெக்ஸ்லர் சோதனையை இந்தியக் குழந்தைகளுக்கென்று மாலின் நாக்பூரில் மாற்றியமைத்தார், 1969இல் வெளிவந்தது. நம் நாட்டு மனநல மையங்களில் அது நெடுங்காலம் புழங்கியது. அதன் சராசரியில் எந்த ஊர், எந்தத் தெருப் பிள்ளைகள் இருந்தார்கள்? சேரிப் பிள்ளைக்கு அது பொருந்துமா?

ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுகிற தோழர்களே, இதை எடுத்துக்கொள்ளுங்கள். செய்து முடித்ததும் எழுதி அனுப்புங்கள். அச்சிட நாங்கள் இருக்கிறோம்.

தோழமையுடன்,
ஆசிரியர்