அழுக்குச் சட்டையும் மூன்று சீட்டும்

காலண்டரில் பிப்ரவரி 3 வந்தாலே எனக்கு லாண்டரி ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள். ராக் அண்ட் ரோல் சரித்திரத்தின் பெரிய சோகத்துக்குக் காரணங்களில் ஒன்று, துவைக்காத சட்டை.

வருஷம் 1959. அமெரிக்காவின் வடக்குப் பக்கத்து மாநிலங்களில் ‘விண்டர் டான்ஸ் பார்ட்டி’ என்று ஒரு கச்சேரிப் பயணம். 24 நாளில் 24 ஊர். திட்டம் போட்ட புண்ணியவான் மேப்பைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. இன்றைக்கு இந்தக் கோடி, நாளைக்கு அந்தக் கோடி, மறுநாள் வந்த வழியே திரும்பு. போவதோ ஓட்டை பஸ். அதில் ஹீட்டர் இருந்தது, வேலைதான் செய்யவில்லை. வெளியே குளிர் பூஜ்யத்துக்கு எவ்வளவோ கீழே. டிரம்ஸ்காரர் கார்ல் பன்ச்சுக்குக் கால் பனியில் விறைத்துப் போய் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். பஸ்ஸுக்குள்ளேயே! மற்றவர்கள் அவரை விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்பட்டார்கள். டிக்கெட் விற்றாயிற்றே.

அந்த பஸ்ஸில் இருந்த நட்சத்திரம் பட்டி ஹாலி. தடித்த கறுப்பு ஃப்ரேம் கண்ணாடி போட்ட, கணக்கு வாத்தியார் மாதிரி ஒரு பையன். வயசு 22. கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகவில்லை, மனைவி கர்ப்பம். பாட்டெல்லாம் ஹிட், ஆனால் வரவேண்டிய பணம் சிக்கலில். இல்லாவிட்டால் அந்தக் குளிரில் யார் சார் பஸ் ஏறுவார்கள்?

பிப்ரவரி 2 ராத்திரி அயோவா மாநிலம் கிளியர் லேக் ஊரில் கச்சேரி. அடுத்த கச்சேரி மூர்ஹெட். 300 மைலுக்கு மேல். ஹாலிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு குட்டி விமானத்தை வாடகைக்குப் பிடிப்போம், முன்னாலேயே போய்த் தூங்கலாம், அழுக்குத் துணியைத் துவைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றார். தலைக்கு 36 டாலர். பைலட் போக மூன்று சீட்டு.

ஹாலிக்கு ஒன்று. பாக்கி இரண்டும் அவருடைய வாத்தியக்காரர்கள் வேலன் ஜென்னிங்ஸ், டாமி ஆல்ஸப் இருவருக்கும். ஆனால் ‘பிக் பாப்பர்’ ரிச்சர்ட்சனுக்கு நல்ல ஜுரம். ஆள் வேறு பெரிய சரீரம், பஸ் சீட்டில் அடங்கமாட்டார். ஜென்னிங்ஸ் பாவப்பட்டுத் தன் சீட்டைக் கொடுத்துவிட்டார். ரிச்சி வேலன்ஸ் என்கிற 17 வயசுப் பையன் ஆல்ஸப்பை விடாமல் நச்சரித்தான். ஆல்ஸப் சொன்ன கணக்குப்படி, காசு சுண்டினார்கள். பையன் ஜெயித்தான். இத்தனைக்கும் அவனுக்கு விமானம் என்றாலே உதறல். 1957-ல் அவன் படித்த பள்ளிக்கூட மைதானத்திலேயே ஒரு விமானம் விழுந்து பிள்ளைகள் செத்துப் போனார்கள். அன்றைக்கு அவன் தாத்தாவின் சாவுக்குப் போயிருந்ததால் பள்ளிக்கூடத்தில் இல்லை.

ஜென்னிங்ஸ் வரவில்லை என்று தெரிந்ததும் ஹாலி கேலி பண்ணினார்: உன் பஸ் உறைந்து போகட்டும் என்று. இவர் சும்மா இருப்பாரா? உன் விமானம் விழட்டும் என்று பதிலுக்குச் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நடு ராத்திரி தாண்டிக் கிளம்பிய விமானம் ஆறு மைல்கூடப் போகவில்லை. மறுநாள் காலை ஒன்பதரை மணி சுமாருக்கு ஒரு சோள வயலில் கண்டுபிடித்தார்கள். 21 வயசு பைலட்டையும் சேர்த்து நாலு பேரும் போய்விட்டார்கள்.

விதி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. விசாரணையில் என்ன தெரிந்தது? கீழே தரையைப் பார்த்து ஓட்டத்தான் அந்தப் பைலட்டுக்குத் தகுதி. கருவியை மட்டும் நம்பி ஓட்ட இல்லை. இருட்டில், பனியில் தரை எங்கே தெரியும்? விமானம் மேலே போகிறதா கீழே போகிறதா என்று காட்டும் கருவி, அவர் பழகியதற்கு நேர் தலைகீழாகக் காட்டும் ரகம். ஏறுகிறோம் என்று நினைத்துக்கொண்டே இறங்கியிருக்கலாம். வானிலை எச்சரிக்கை இரண்டு வந்திருந்தது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. இதற்கெல்லாம் முன்னால் ஒரு மெக்கானிக் அந்த ஹீட்டரைப் பார்த்திருந்தால்?

ஹாலியின் மனைவி மரியா எலீனாவுக்கு விஷயம் டி.வி. செய்தியில்தான் தெரிந்தது. கரு கலைந்துவிட்டது. அன்று ராத்திரி மூர்ஹெட் கச்சேரியை ரத்து செய்யவில்லை. உள்ளூர் பையன் ஒருவனைப் பிடித்து மேடை ஏற்றினார்கள். பாபி வீ, 15 வயசு. பின்னாளில் பெரிய ஸ்டார். ஜென்னிங்ஸும் மிச்ச ஊர்களுக்குப் போய், ஹாலியின் பாட்டுகளைப் பாடினார். என்ன மனசோடு பாடியிருப்பார்!

1971-ல் டான் மெக்லீன் ‘அமெரிக்கன் பை’ பாட்டில் அந்த நாளுக்கு ஒரு பெயரே வைத்துவிட்டார். உலகமே முணுமுணுத்தது. ஜென்னிங்ஸ் நாட்டுப்புறப் பாட்டில் பெரிய நட்சத்திரமாகி 2002-ல் இறந்தார். தன் வாய் முகூர்த்தம்தான் பலித்துவிட்டதோ என்று வருஷக்கணக்கில் மறுகியிருக்கிறார், பாவம்.

ஹாலியின் கண்ணாடி? விபத்தில் தெறித்துப் பனியில் புதைந்து, பனி உருகியதும் கிடைத்தது. சர்க்கார் ஆபீஸ் கவர் ஒன்றில் போட்டு வைத்தார்கள். வைத்ததை மறந்தும் போனார்கள். 1980-ல் பழைய காகிதங்களைக் குடைந்தபோது கவர் அகப்பட்டது. உள்ளே அந்தக் கண்ணாடியும், கூடவே பிக் பாப்பரின் கைக்கடிகாரமும் இருந்தன.