செவியோ, கருவியோ?

எமது கல்லூரி இசையறைக்கு நன்கொடையாக யாது வேண்டும் என்று பழைய மாணவர் சிலர் வினவியபோது, இசை பயிலும் மாணவர் ஒருமித்துக் கூறிய விடை, சுருதி காட்டும் மென்பொருள் அமைந்த கருவிகள் வேண்டும் என்பதாம். தந்தியை மீட்டினால் திரையில் முள் அசையும். முள் நடுவே நின்று பச்சை ஒளி தோன்றினால் சுருதி சேர்ந்தது என்பது பொருள். தம்புராவைச் சேர்ப்பதிலேயே அரைப்பாடம் கழிகின்றதென அலுத்துக்கொள்வோர்க்கு இஃது அமிழ்தமெனத் தோன்றுதல் இயல்பே. யாம் இசையாசிரியர் அல்லேம். எனினும் முத்தமிழுள் இசையும் ஒன்றாதலின், இதுபற்றிச் சில கூற முற்படுகின்றோம்.

கருவியே வேண்டா என்பது எம் கருத்தன்று. மேனாட்டுப் பியானோவை எடுத்துக்கொள்வோம். அதன் கட்டைகள் 88. தந்திகள் ஏறக்குறைய 230. எச்சுரத்தை ஆதாரமாகக் கொண்டு வாசிப்பினும் ஒருபடித்தாய் இசைத்தற்பொருட்டு, ஸ்தாயியைப் பன்னிரண்டு சம இடைவெளிகளாகப் பகுத்துள்ளனர். ஆதலின் ஸ்தாயி ஒழிந்த இடைவெளிகள் யாவும் இயற்கை அளவினின்றும் சிறிது விலகியே நிற்கும். எத்துணை விலகவேண்டும் என்பதை, செவியாற் சுருதி சேர்ப்போர் அடிப்புக்களை எண்ணி அறிவர். அன்றியும், உருக்குத் தந்தியின் விறைப்பினால் அதன் மேற்றொனிகள் சற்று உயர்ந்து ஒலிக்கும். அவ்வுயர்வு பியானோவுக்குப் பியானோ வேறுபடும். இவற்றையெல்லாம் அளந்து கணித்துத் தரும் மென்பொருள் போற்றத்தக்கதே. ஆங்கும், ஒரே சுரத்துக்குரிய மூன்று தந்திகளை ஒன்றாக்கும்போது செவியையே நம்புவோர் பலர்.

தம்புராவின் நிலை வேறு. அதன் பஞ்சமம் இயற்கையாய் அமைந்த இணக்கம். சட்சத்தின் மீடிறன் செக்கனுக்கு 240 எனக் கொண்டால், கீழ்ப் பஞ்சமம் 180 ஆதல் வேண்டும். அப்பொழுது சட்சத்தின் மும்மடங்கும் பஞ்சமத்தின் நான்மடங்கும் 720 இல் ஒன்றுபடும். கைத்தொலைபேசிச் செயலிகளுட் பல பியானோவின் சமப் பகுப்பையே அளவாகக் கொண்டவை. அவை காட்டும் பஞ்சமம் 179.8 அளவினது. வேறுபாடு அற்பம் என்பீர். ஆயின் அதன் நான்மடங்கு 719.2 ஆகிவிட, பத்துச் செக்கனில் எட்டு அடிப்புக்கள் எழும். திரையிற் பச்சை ஒளி, தம்புராவிலோ அலைவு. ஆய்கூடத்தில் இசைக்கவைகளைக் கொண்டு அடிப்பைக் கேட்டுக் குறிக்கும் மாணவனே, இசையறையில் அதனைக் கேளாதிருப்பது எமக்கு வியப்பே.

இயற்கை அளவுக்கு மாற்றத்தக்க செயலிகளும் உள என மாணவன் ஒருவன் எடுத்துக்காட்டினான். உண்மை. அவற்றால் எண் சரியாகும். குதிரைக்கும் தந்திக்கும் இடையே ஜீவா நூலை எவ்விடத்து நிறுத்தினால் நாதம் மலரும் என்பதை எந்த முள் காட்டும்? நூல் ஒரு மயிரிழை நகர, ஒலி மடிகின்றது. மற்றொரு மயிரிழை நகர, எவரும் மீட்டாத காந்தாரம் மந்தர சட்சத் தந்தியினின்றும் தானே எழுகின்றது. அதனை ஒருமுறை கேட்ட சிறுவன் பின்னர்க் குரலையும் அவ்வாறே சேர்க்கப் பழகுவான். தேவாரம் பாடும்போது திரையைப் பார்த்துக்கொண்டிருக்க இயலுமோ?

கானல்வரித் தொடக்கத்தில், மாதவி யாழை எட்டு வகையால் இயக்கித் தன் செவியால் ஆராய்ந்த பின்னரே கோவலன் கையிற் கொடுக்கின்றாள். பழந்தமிழ் இசைக் குறிப்புக்களைக் கணிதத்தால் ஆராய்ந்த விபுலாநந்த அடிகளாரின் யாழ்நூல் 1947 இல் வெளிவந்தது. அடிகள் விஞ்ஞானம் பயின்றவர், எண்ணுக்கு அஞ்சியவரல்லர். செவி முன்னரே கண்டறிந்த இடைவெளிகளுக்கே அவர் எண் வகுத்தார்.

ஆதலின் அன்பர்க்கு எம் விண்ணப்பம் இது. கருவி ஒன்று போதும். அஃது ஆசிரியர் மேசையில் இருக்கட்டும். மாணவன் முதலிற் செவியாற் சேர்த்துப் பின்னர் அதனோடு ஒப்பிடுக. பரிசளிப்பு விழாவின் இரைச்சலிடையும் அது பயன்படும். எஞ்சிய பணத்துக்கு நல்ல தம்புரா இரண்டு வாங்கித் தருக. இப்போதுள்ளதன் பிரடைகள் மாரியில் ஊறி இறுகியும் கோடையில் வழுவியும் இசையாசிரியரை வருத்துகின்றன. அரைப்பாடம் கழிகின்றது என்னும் முறைப்பாட்டுக்கு, நேரசூசியில் இசைப்பாடங்கள் இரண்டினை அடுத்தடுத்து அமைத்தல் தீர்வாகும். அதனை அதிபர் அவர்களிடம் முன்னரே கூறியுள்ளோம்.