ஊரே ஆடும் விளையாட்டு



இம்மாதம் ஒரு விளையாட்டைப் பற்றி எழுதுகின்றேன். இலண்டனில் மைன்ட் கேண்டி என்ற சிறிய நிறுவனம் 2005இல் 'பெர்ப்ளெக்ஸ் சிட்டி' என்ற ஆட்டத்தைத் தொடங்கியது. வேற்றுலக நகரொன்றிலிருந்து களவு போன கனசதுரம் ஒன்று பூமியில் எங்கோ புதைந்து கிடக்கிறது, அதைத் தேட வேண்டும் என்பது கதை. துப்புகள் புதிர் அட்டைகளாகவும் பத்திரிகை விளம்பரங்களாகவும் வந்தன. முன்பின் அறியாதவர்கள் ஒன்றுகூடிப் புதிர் அவிழ்த்தார்கள். 2007 பெப்ரவரியில் இங்கிலாந்துக் காடொன்றில் ஒருவர் அதைத் தோண்டியெடுத்து ஒரு இலட்சம் பவுண் பரிசு பெற்றார். கதையும் நிஜமும் கலந்த இவ்வகை ஆட்டங்களுக்கு 'மாற்று மெய்ம்மை விளையாட்டு' என்று பெயர்.

பரிசுக் கதை எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஊரே கதைக்குள் போய்விடுவதுதான் நினைவைக் கிளறியது. கேகாலைத் தோட்டத்தில் நாங்கள் பார்த்த காமன் கூத்தும் அப்படித்தானே!

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றினால், பௌர்ணமி வரை தோட்டமே மேடைதான். மேல் லயம் பெண் வீடு, கீழ் லயம் மாப்பிள்ளை வீடு. சீர்த்தட்டு வரும், சம்பந்திச் சண்டையும் வரும். ரதி வேடம் ஆணுக்குரியது. எங்கள் ரதி, விடிய எழும்பி றப்பர் பால் வெட்டுகிற அண்ணன். சிவனின் நெற்றிக் கண்ணில் மதன் எரிந்ததும், அவர் வெள்ளைச் சேலையோடு வாசல் வாசலாக அழுது வருவார். அண்ணன்தான் என்று தெரிந்தும் பெண்கள் கூடவே ஒப்பாரி வைப்பார்கள்.

என் பெரியம்மா 1977 கலவரத்தோடு தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குப் போனவர். 2009இல் அவருடைய மகன் காணாமற் போனான். உடலும் இல்லை, செய்தியும் இல்லை. இழவு வீடு என்று யாரும் வரவுமில்லை. அழுதால், "அவன் வருவான், அழாதே" என்று தடுத்தார்கள்.

2012 மாசியில் எங்களிடம் வந்திருந்தார். ரதி வாசலுக்கு வந்தபோது பெரியம்மா எழுந்து போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். மதன் பெயரைச் சொல்லவில்லை, மகன் பெயரைச் சொன்னார். தப்புக்காரர் அடியைத் தாழ்த்தினார். ரதியும் நகரவில்லை. லயத்துப் பெண்கள் அந்தப் பெயரையே எடுத்துச் சொல்லி அழுதார்கள்.

கதை முடிவில் மதனுக்கு உயிர் திரும்பும். ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான்.

"ரதிக்காச்சும் தெரியுதே" என்றார் பெரியம்மா.

அடுத்த மாசிக்கும் வந்தார்.