பெட்டிக்குள் கார் இல்லை

மட்டக்குளியில் மச்சான் வீட்டில் ஒரு பெட்டி திறந்தோம். ஜப்பானின் டாமியா கம்பெனி 1984இல் வெளியிட்டு, 2004இல் மீண்டும் கொண்டுவந்த 'ஹார்னட்' ரேடியோ கார். சிறு வயதில் ஏங்கியதை, நாற்பது தாண்டி, மகனின் பெயரைச் சொல்லி வாங்கியிருந்தார். (உம்மாமார் சிரிக்கலாம்!)

உள்ளே கார் இல்லை. பிளாஸ்டிக் உறுப்புகள், ஸ்குரூ பக்கெட்டுகள், மோட்டார், விளக்கப் புத்தகம். பூட்டுவது நம் வேலை. நிறமற்ற மேற்கூட்டுக்கு உட்புறமாகத்தான் பெயின்ட் பூச வேண்டும். வெளியே உரசினாலும் நிறம் போகாது.

"தொடாத, ஒடஞ்சிடும்" என்று மூன்று முறை மகனை விரட்டினார் மச்சான். பிள்ளை மூலையில் போய் உட்கார்ந்தான். என் தங்கை பேசாமல் ஸ்குரூ டிரைவரை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். மச்சான் சற்று நகர்ந்து இடம்விட்டார்.

இஷா பாங்கு சொல்லும்போது ஒரு நட்டைக் காணாமல் மூவரும் பாய்க்கடியில் தேடிக்கொண்டிருந்தார்கள்.