பொய்ச் சண்டை, மெய்யான முதுகெலும்பு

தொழில்முறை மல்யுத்தத்தைப் பற்றிக் கல்விப்புலத்தில் எழுதப்படும் கட்டுரைகளுள் பல ஒரே வாசலில் நுழைந்து ஒரே வாசலில் வெளியேறுகின்றன. நுழைவாயில் ரோலான் பார்த். 1957-இல் வெளிவந்த ‘மித்தாலஜீஸ்’ நூலின் முதற்கட்டுரையே மல்யுத்தத்தைப் பற்றியதுதான். அது விளையாட்டன்று, காட்சி; வெற்றி தோல்வி முன்பே முடிவானதா என்பது பார்வையாளருக்குப் பொருட்டன்று; வலியும் நீதியும் பழிவாங்கலும் எவரும் படித்துணரத்தக்க குறிகளாக மேடையில் வைக்கப்படுகின்றன என்பது அதன் சாரம். வெளியேறும் வாசல், ‘ஆகவே மல்யுத்தம் பொய்யன்று, அது ஒரு பனுவல்’ என்னும் முடிவுரை.

இம்முடிவு தவறானதன்று, போதாதது. ‘சண்டை மெய்யா பொய்யா’ என்னும் பள்ளிக்கூடக் கேள்வியைப் ‘பொய்யே ஆயினும் பொருளுடையது’ என்று திருத்தியவுடன் ஆய்வு நிறைவுற்றதாகக் கருதப்படுகிறது. அந்தப் பொய்யைச் செய்துகாட்டிய உடல் யாருடையது, அது உடைந்தபோது பொறுப்பேற்றவர் யார் என்னும் கேள்வி எழுவதேயில்லை. 1990-களில் கேபிள் தொலைக்காட்சியோடு வந்த மல்யுத்தச் சீட்டுகளைச் சேர்த்து விளையாடிய இந்தியத் தலைமுறை இன்று ஆய்வேடு எழுதும் வயதில் இருக்கிறது. அந்தச் சீட்டுகளில் உயரமும் எடையும் மார்பளவும் அச்சிடப்பட்டிருந்தன, ஊதியம் அச்சிடப்பட்டதில்லை. ஆய்வேடுகளும் அச்சீட்டுகளின் வழியிலேயே செல்கின்றன.

இதற்கு உரைகல்லாக, இத்துறையில் பெரிதும் போற்றப்படும் ஒளிபரப்பையே எடுத்துக்கொள்ளலாம். 1987 மார்ச் 29 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பான்டியாக் சில்வர்டோம் அரங்கில் நடைபெற்ற ரெசில்மேனியா 3.

நிகழ்ச்சி என்ற அளவில் அதன் சிறப்பை மறுப்பதற்கில்லை. அரெதா ஃபிராங்க்ளின் பாடித் தொடங்கிவைத்தார். உடைமாற்றும் அறையிலிருந்து மேடை வெகுதொலைவில் இருந்தமையால், மேடை வடிவிலேயே செய்த சிறு வண்டிகளில் வீரர்களை ஏற்றி, தேர் இழுத்து வருவதுபோல் கூட்டத்தின் நடுவே கொண்டுவந்தார்கள். அறிவிக்கப்பட்ட பார்வையாளர் எண்ணிக்கை 93,173. மல்யுத்தச் செய்தியாளர் டேவ் மெல்ட்சர் அதனை மறுத்து, வந்தவர்கள் ஏறத்தாழ 78,000 பேரே என்று கூறிவருகிறார். இவ்வேறுபாட்டைப் பற்றிய விவாதம் இன்றளவும் ஓயவில்லை. வந்தவர்களை எண்ணுவதற்கு இத்தனை பேர் இருக்கிறார்கள். மேடையேறியவர்களில் எத்தனை பேருக்கு ஓய்வூதியம் இருந்தது என்று எண்ணப் புகுந்தவர் மிகச் சிலரே.

அன்றைய சிறந்த ஆட்டம் ரேண்டி சேவேஜுக்கும் ரிக்கி ஸ்டீம்போட்டுக்கும் இடையே 14 நிமிடங்களுக்குச் சற்று மேல் நிகழ்ந்தது. ஒவ்வோர் அசைவும் முன்கூட்டியே எழுதப்பட்டு, வரிசை எண் இடப்பட்டு, இருவரும் ஒருவரையொருவர் கேள்வி கேட்டு மனப்பாடம் செய்த ஆட்டம் அது என்பதை ஸ்டீம்போட் பின்னாளில் நேர்காணல்களில் விவரித்திருக்கிறார். ஆய்வாளருக்கு இது விருந்து. பிரதி உண்டு, நிகழ்த்துதல் உண்டு, பிரதியை மறைக்கும் நிகழ்த்துதல் உண்டு. ஆயினும் அது முதன்மையாக ஒத்திகை, அதாவது உழைப்பு. நாடக நடிகர் ஒத்திகைக்கு வரும் நேரம் வேலை நேரமாகக் கருதப்படும் நாட்டில், இவ்விருவர் குறிப்பேட்டோடு கழித்த நேரத்தின் பெயர் என்ன?

முதன்மை ஆட்டம் ஹல்க் ஹோகனுக்கும் ஆண்ட்ரே தி ஜயண்ட்டுக்கும் இடையிலானது. 15 ஆண்டுகள் தோல்வியறியாதவர், எவராலும் தூக்கி வீழ்த்தப்படாதவர் என்று ஆண்ட்ரே விளம்பரப்படுத்தப்பட்டார். இரண்டுமே உண்மையல்ல. 1980-இல் நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் இதே ஹோகன் அவரைத் தூக்கி வீழ்த்தியிருக்கிறார். விளம்பரத்தின் பொய் யாவரும் அறிந்ததே, சுவையானதும்கூட. பொய்யல்லாதது வேறொன்று. அளவிறந்த வளர்ச்சியை உண்டாக்கும் அக்ரோமெகலி நோயால் ஆண்ட்ரேயின் உடல் அப்போது தளர்ந்துகொண்டிருந்தது. முந்தைய ஆண்டில் அவர் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். ஆடைக்கு உள்ளே முதுகுப்பட்டை அணிந்தே மேடையேறினார். ஆட்டத்தின் நடுவே அவர் ஹோகனை நெடுநேரம் இறுகக் கட்டிப்பிடித்து நிற்பதை ‘மந்தமான பகுதி’ என்று விமரிசகர்கள் குறைகூறுவர். நிற்பதற்கே வலித்த ஒருவர், நின்ற இடத்திலிருந்து ஆடக்கூடிய ஆட்டத்தை ஆடினார் என்றும் அதனைப் படிக்கலாம்.

இறுதியில் ஹோகன் அவரைத் தூக்கி வீழ்த்துகிறார். அறிவிக்கப்பட்ட எடை 520 பவுண்டு; ஏறத்தாழ 236 கிலோ. அத்தகைய உடலை, அவ்வுடலுக்கு உரியவரின் ஒத்துழைப்பின்றித் தூக்குவது அரிது. வீழ்பவர்தான் வீழ்த்துபவருக்கு எடையைப் பகிர்ந்து கொடுக்கிறார். வீழ்வதற்கு முதுகையும் அவரே கொடுக்கிறார். ஹோகனின் புகழுக்கு ஆண்ட்ரே கொடுத்தது அறுவை சிகிச்சை செய்யப்பட்ட முதுகு. அவர் 1993 ஜனவரியில், 46-ஆம் வயதில் இறந்தார்.

அதே மேடையில் அன்று ஆடிய டைனமைட் கிட், சில மாதங்களுக்கு முன் ஏற்பட்ட முதுகுக் காயத்தோடு வந்தவர். பிற்காலத்தில் சக்கர நாற்காலியில் வாழ்ந்து 2018-இல் மறைந்தார். அவருடைய இணையர் டேவி பாய் ஸ்மித் 2002-இல் 39 வயதில் மாரடைப்பால் இறந்தார். அன்று ரோடி பைப்பரிடம் தோற்று முடி மழிக்கப்பட்ட ஏட்ரியன் அடோனிஸ், 1988 ஜூலை 4 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், வேறொரு சுற்றுப்பயணத்தின்போது வண்டி விபத்தில் இறந்தார், வயது 33. ஒவ்வொரு மரணத்துக்கும் காரணம் வேறு. அனைத்தையும் ஒரே நிறுவனத்தின் தலையில் கட்டுவது நேர்மையாகாது. ஆனால் சிதைந்த உடலோடும் ஓயாத பயணத்தோடும் பிழைக்கவேண்டிய தொழில் அது என்பது இவர்கள் அனைவருக்கும் பொது.

மொழியியலுக்கு இங்கே வேலை இருக்கிறது. நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறி. செத்தாரைத் ‘துஞ்சினார்’ என்பது மங்கலம். மல்யுத்தத்தின் குழூஉக்குறிகளுள் ஆய்வாளர்கள் பெரிதும் விரும்பி எடுத்துக்கொண்டது ‘கேஃபேப்’ என்னும் சொல். நடிப்பை நடிப்பென்று வெளியாருக்குக் காட்டாத தொழில் மறைவு அது. கோட்பாட்டுக்கு இசைவான சொல் ஆதலால் அரசியல், ஊடகம், சமூக வலைத்தளம் என எல்லாவற்றுக்கும் அது உருவகமாக நீட்டப்படுகிறது. ஆனால் அதே குழுவின் மொழியில் அதனினும் அடிப்படையான சொற்கள் வேறு உண்டு. முன்பே தீர்மானித்து நடிக்கப்படுவதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘வொர்க்’. அதைத் திறம்படச் செய்பவர் ‘வொர்க்கர்’. கட்டளைப்படி தோற்றுக்கொடுப்பது ‘ஜாப்’. அதனையே பிழைப்பாகக் கொண்டவர் ‘ஜாபர்’. வெளியார் பொய் என்று அழைப்பதை உள்ளிருப்போர் வேலை என்று அழைக்கிறார்கள். ஒரு தொழிற்குழு தன் சொல்வழக்கிலேயே இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைத்த உண்மையைத் தாண்டிக் குதித்து, மறைவைக் குறிக்கும் சொல்லை மட்டும் ஆய்வுலகம் கைக்கொண்டது தற்செயல் என்று கொள்வதற்கில்லை. மறைவு அறிஞருக்கு வேலை தருகிறது. வேலை என்னும் சொல்லோ அறிஞரைக் கணக்கு கேட்கிறது.

மங்கல வழக்கு நிறுவனத்தின் பங்கு. வீரர்களுக்கு ஒப்பந்தத்தில் இடப்பட்ட பெயர் ‘சுயேச்சை ஒப்பந்ததாரர்’. எந்த ஊரில், எந்த நாளில், யாரோடு மோதுவது, யாரிடம் தோற்பது என எல்லாவற்றையும் நிறுவனம் முடிவுசெய்கிறது. பல வேளைகளில் மேடைப்பெயரும் நிறுவனத்தின் உடைமை. ஆனால் மருத்துவக் காப்பீடு என்று வரும்போது மட்டும் வீரர் சுயேச்சையாகிவிடுகிறார். 2008-இல் முன்னாள் வீரர் மூவர் தாங்கள் ஊழியர்களே என்று வாதிட்டு கனெக்டிகட் மாநிலத்தில் தொடுத்த வழக்கு வெற்றிபெறவில்லை. தொலைக்காட்சி மல்யுத்தத்தில் இன்றுவரை கலையாத கேஃபேப் இதுவே.

ஏனெனில் மற்றக் கேஃபேப்பை நிறுவனமே கலைத்துவிட்டது. 1989-இல் நியூஜெர்சி மாநில சட்டமன்றத்தின்முன், தங்கள் நிகழ்ச்சி மெய்யான விளையாட்டுப் போட்டியன்று, பொழுதுபோக்கே என்று நிறுவனத்தரப்பு ஒப்புக்கொண்டது. இதனைக் கலை வரலாற்றின் நேர்மையான தருணமாகக் கொண்டாடுவோர் உண்டு. ஒப்புதலின் நோக்கம் அழகியல் அன்று. விளையாட்டு என்றால் மாநில விளையாட்டு ஆணையத்தின் உரிமம், கட்டணம், ஆட்டத்துக்கு முந்தைய உடற்பரிசோதனை ஆகியவற்றுக்குக் கட்டுப்படவேண்டும். பொழுதுபோக்கு என்றால் வேண்டியதில்லை. பார்த் 1957-இல் சொன்னதையே நிறுவனம் 1989-இல் சொன்னது. ‘இது விளையாட்டன்று, காட்சி’ என்னும் வாக்கியம் பாரிஸில் இலக்கியமாயிற்று. நியூஜெர்சியில் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு பெறும் கருவியாயிற்று. இவ்விரண்டாம் பயன்பாட்டை அறியாமல் முதலாவதை மட்டும் மேற்கோள் காட்டும் கட்டுரை, தன்னை அறியாமலேயே நிறுவனத்தின் வழக்கறிஞருக்குத் துணைபோகிறது.

விளையாட்டு என்றால் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களுக்கும் கால்பந்து வீரர்களுக்கும் சங்கம் உண்டு. நடிப்பு என்றால் திரைநடிகர்களுக்குச் சங்கம் உண்டு. இரண்டும் அன்று என்று நிறுவப்பட்டவர்களுக்கு எச்சங்கமும் இல்லை. ரெசில்மேனியா 3-இன் வர்ணனையாளர் மேசையிலேயே இதற்குச் சான்று அமர்ந்திருந்தது. கொரில்லா மன்சூனுக்கு அருகில், கெட்டவர்களின் பக்கம் நின்று பேசும் வர்ணனையாளராக அன்று இருந்தவர் ஜெஸ்ஸி வென்சுரா. ஓராண்டுக்கு முன், 1986-இல், ரெசில்மேனியா 2-ஐ ஒட்டி வீரர்களின் அறையில் சங்கம் அமைப்பது பற்றிப் பேசியவர் அவர். பேச்சு உரிமையாளர் வின்ஸ் மெக்மேனின் காதுக்கு எட்டியது; முயற்சி அத்தோடு முடிந்தது. செய்தியைக் கொண்டுசேர்த்தவர் ஹோகன் என்று மெக்மேனே பின்னாளில் வழக்கு விசாரணையில் கூறியதாக வென்சுரா பலமுறை சொல்லியிருக்கிறார். 1987 ஜூனில் வெளிவந்த ‘பிரிடேட்டர்’ திரைப்படத்திலும் வென்சுரா நடித்திருந்தார். திரைப்படத்தில் அதே உடலுக்குச் சங்கப் பாதுகாப்பு இருந்தது; மல்யுத்தத்தில் இல்லை.

அந்த வழக்கும் இவ்வகை ஒளிபரப்புகளைப் பற்றியதே. தம் வர்ணனை அடங்கிய வீடியோ நாடாக்களின் விற்பனையில் தமக்குரிய பங்கு மறைக்கப்பட்டதாக வென்சுரா வழக்குத் தொடுத்தார். 1994-இல் நடுவர் குழு அவருக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் வழங்கியது. 1995-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. பழைய நிகழ்ச்சிகளைப் ‘பனுவல்’ என்று அழைப்போர், அப்பனுவலின் ஒவ்வொரு பிரதியும் விற்கப்பட்ட சரக்கு என்பதையும் அதன் வருவாய் யாருக்குச் சேர்ந்தது என்பதையும் இவ்வழக்கிலிருந்தேனும் கற்கலாம்.

மறுப்பு ஒன்று எழும். வீரர்கள் விரும்பியே வந்தார்கள், சிலர் பெருஞ்செல்வம் ஈட்டினார்கள், அவர்களை வெறும் பலியாட்களாகக் காட்டுவது அவர்தம் கலையை இழிவுபடுத்தாதா? இழிவுபடுத்தாது. கலை என்று ஏற்பதன் முதல் பொருளே அதனைச் செய்தவரைக் கலைஞராக ஏற்பது. சேவேஜும் ஸ்டீம்போட்டும் மனப்பாடம் செய்த அந்த வரிசையைப் போற்றுகிறவர், அதற்குரிய கூலியையும் காப்பீட்டையும் கேட்பதால் போற்றுதல் குறைவதில்லை. கலையைப் புகழ்ந்து கலைஞரின் முதுகெலும்பைக் காணாதிருப்பதே இழிவு.

இந்தக் கேள்வியைக் கல்விப்புலம் தவிர்ப்பதற்குக் காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கணக்கில் முழுநேர வேலை வாங்கிக்கொண்டு ‘விருந்தினர்’ என்று அழைக்கின்றன. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகள் ‘கௌரவ விரிவுரையாளர்’ என்கின்றன. விருந்தினருக்கு விருந்தும் இல்லை. கௌரவத்துக்கு ஓய்வூதியமும் இல்லை. இவையும் நன்னூலார் சொன்ன மங்கல வழக்கே. தன் துறையின் மங்கலச் சொல்லைத் தினமும் உச்சரிக்கும் நாக்குக்கு, இன்னொரு தொழிலின் மங்கலச் சொல் உறுத்துவதில்லை.

ரெசில்மேனியா 3-ஐ மீண்டும் பார்ப்பவர் ஹோகனின் கைகளைப் பார்க்கவேண்டாம். தூக்கப்படும் அக்கணத்தில் ஆண்ட்ரேயைப் பார்க்கட்டும். பல்லாயிரவர் எழுந்து ஆர்ப்பரிக்க, வலிக்கும் முதுகை இன்னொருவரின் வெற்றிக்காகக் காற்றில் ஒப்புக்கொடுக்கும் ஒரு தொழிலாளி அங்கே தெரிவார். அவர் செய்தது பொய்யன்று, குறியும் மட்டுமன்று. அவர் தொழிலின் மொழியிலேயே அதற்குப் பெயர் உண்டு: வேலை.