விக்காத நாளும் நாள்தான்!

"டேட்டாவே இல்லாத தேதியை எதுக்குய்யா ரிப்போர்ட்ல காட்டணும்?" ஆணி புடுங்குற இடத்துல ஒரு புண்ணியவான் கேட்டார். அந்தக் கடுப்புலதான் இது.

30 நாளும் திறந்திருக்குற கடை. ஒரு சரக்கு 24 நாள் மட்டும் வித்துச்சு, மொத்தம் 120. விற்பனை டேபிள்ல தேதிவாரியா குரூப் பை போட்டா 24 வரிதான் வரும். அதை வச்சு சராசரி பார்த்தா நாளைக்கு 5. நிஜம் 4. கடைக்காரர் அடுத்த மாசத்துக்கு 150 வாங்குவார், 30 குடோன்ல தூங்கும். யார் பொறுப்பு?

இல்லாத தேதியை குரூப் பை உண்டாக்காது சாமி. நாமதான் தரணும். போஸ்ட்கிரெஸ்ல 2009-ல வந்த 8.4-லேர்ந்தே ஜெனரேட் சீரிஸ் தேதிக்கும் வேலை செய்யுது. மைஎஸ்க்யூஎல் 8.0-ல (2018) வித் ரிகர்சிவ் வந்தாச்சு. எஸ்க்யூஎல் சர்வர்லயும் ரிகர்சிவ் சிடிஇ உண்டு. 100 சுத்து தாண்டினா எர்ரர் அடிக்கும், மேக்ஸ் ரிகர்ஷனை ஏத்திக்கணும். இவ்வளவு இருந்தும் நாளுக்கொரு கொயரின்னு லூப்ல விடுறவங்களை என்னன்னு சொல்ல?

என் கட்சி, காலண்டர் டேபிள். பத்து வருஷத்துக்கு 3,650 சொச்சம் வரிதான். கடை லீவுக்கும் ஒரு காலம் வச்சுக்கலாம். அதுலேர்ந்து விற்பனைக்கு லெஃப்ட் ஜாயின். சரக்கு கண்டிஷனை ஆன்-லயே போடுங்க. வேர் பக்கம் தள்ளினா விக்காத நாள் மறுபடி காணாமப் போயிடும்.

பூஜ்யத்தையும் எழுதினாத்தான் அது கணக்கு. என்ன நான் சொல்றது?